மூன்றாம் நாள் மண்வெட்டி

"ஐயா! தாங்கள் சென்றுவிட்ட பிறகு எங்கள் கணக்குப் பாடம் என்ன ஆகும்?"

கேட்டவள் மூன்றாம் படிவத்து மாணவி. கேட்ட இடம், எனக்கு வழியனுப்பு விழா நடைபெற்ற பள்ளித் திடல். கேட்ட நேரமோ, புகழுரைகள் பொழிந்து முடிந்து, 'காங்கா' எனும் வண்ணத் துணியை என் தோளிலே போர்த்தி, பெண்கள் குலவையிட, பிள்ளைகள் கைதட்ட, நான் நெஞ்சு நிமிர்த்தி நின்ற நேரம்!

குத்தலாகக் கேட்கவில்லை அவள். குறை கூறவும் இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். எனினும், போர்த்திய துணியைத் தோளிலிருந்து உருவி எடுத்ததுபோல் இருந்தது எனக்கு. ஓராண்டுக் காலம் ஊதியம் பெறாது உழைத்தேன் என்ற பெருமிதம், ஒரே ஒரு வினாவுக்கு விடை கூற வகையற்றுத் தலைகவிழ்ந்தது.

கொடுப்பது நல்லது என்பதிலே யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கொடுப்பவன் சென்ற பிறகு எஞ்சுவது எது? கொடுத்ததனால் உயர்ந்தவன் யார் — பெற்றவனா, கொடுத்தவனா? அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்ல முடியாத விடையை இன்று எழுதிப் பார்க்கிறேன்.

* * *

2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நான் சென்று சேர்ந்த இடம், தான்சானியா நாட்டின் தென்பகுதி மேட்டு நிலமான இரிங்கா. செம்மண் பூமி, மக்காச்சோளமும் சூரியகாந்தியும் விளையும் சரிவுகள், சூன், சூலைத் திங்களில் போர்வையை இழுத்துப் போர்த்த வைக்கும் குளிர். செர்மானியப் படையை எதிர்த்துப் போரிட்ட ஹேஹே மக்களின் தலைவன் முக்வாவா, எதிரியின் கையிலே பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று 1898-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட மண் அது.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நான்காம் படிவம்வரை கட்டணமில்லை என்று அந்நாட்டு அரசு 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல செயல், ஆனால் கட்டணம் அகன்ற வேகத்தில் கட்டடம் வளரவில்லை, ஆசிரியர் தொகையும் வளரவில்லை. ஒரே அறையில் அறுபதுபேர், எழுபதுபேர். ஒரு புத்தகத்தை நால்வர் பகிர்ந்து படித்தனர். நாடு முழுதும் நான்காம் படிவத் தேர்வு எழுதுவோரில், ஏறத்தாழ ஐவரில் ஒருவரே கணிதத்தில் தேறிவந்த காலம் அது. அங்கே கணக்கு ஆசிரியனாகத் தொண்டாற்ற ஓர் அமைப்பின் வழியே ஆளெடுத்தனர்; நான் சென்றேன்.

புறப்படும் முன் எங்கள் ஊரிலே எனக்குப் பாராட்டுக் கூட்டம். மாலைகள், துண்டுகள், சுவரொட்டி! "இருண்ட கண்டத்திற்கு ஒளி ஏந்திச் செல்லும் இளைஞர்" என்று அச்சடித்திருந்தார்கள். மறுக்கவில்லை நான். மறுக்கத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

இருண்ட கண்டமாம்! எவர் இருட்டிலே இருந்தார் என்பதைச் சென்ற பிறகே அறிந்தேன். அந்த நாட்டின் தந்தை எனப் போற்றப்படும் சூலியசு நியரேரே, பள்ளி ஆசிரியராக இருந்தவர். விடுதலை இயக்கமா, ஆசிரியப் பணியா என்ற நிலை வந்தபோது 1955-இல் வேலையைத் துறந்து மக்களிடம் வந்தவர். ஆட்சித் தலைவரான பிறகும், 1985-இல் பதவியை விட்டு இறங்கிய பிறகும், 1999-இல் மறையும்வரையிலும், அவரை மக்கள் அழைத்த பெயர் 'முவாலிமு'. ஆசிரியர் என்பதே அதன் பொருள். 1967-இல் எழுத்தறியாதார் மூன்றில் இரு பங்குக்கு மேல் இருந்த அந்நாட்டிலே, மரத்தடியிலும் தொழிற்கூடத்திலும் முதியோர் கல்வி நடத்தி, அடுத்த இருபதாண்டுக்குள் அந்த இருளைப் பெரும்பகுதி விரட்டிக் காட்டினார்கள். ஆசிரியன் என்ற சொல்லையே அரியணை ஏற்றிய நாட்டுக்குத்தான், ஒளி ஏந்திச் செல்வதாக நான் ஒப்பனை செய்துகொண்டு கிளம்பினேன்!

* * *

முதல் பாடம் எனக்குக் கிடைத்தது முதல் நாளே. வகுப்பு "சா ம்பிலி" மணிக்கு என்றார்கள். அகராதியைப் புரட்டினேன், ம்பிலி என்றால் இரண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குக் கம்பீரமாகச் சென்று நின்றேன். பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தார்களாம்! கதிரவன் எழுந்ததிலிருந்து மணி எண்ணுவது அந்த மக்களின் வழக்கம். காலை ஏழே அவர்களுக்கு ஒரு மணி. நம் பாட்டன்மார் விடியலிலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தாமே! பேரனான எனக்கு அது விந்தையாகத் தெரிந்தது. என் கைக்கடிகாரம் காட்டுவதே உலகின் மணி என்று எண்ணியிருந்தேன்.

இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. மாணவர்கள் என்னைக் கண்டதும் "ஷிகமூ" என்பார்கள். "மரஹபா" என்று நான் விடை கூறவேண்டும். 'தங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்' என்பதே அந்த வணக்கச் சொல்லின் வேர்ப்பொருள் என்று கூறக் கேட்டதும் துணுக்குற்றேன். காலில் விழுவது தன்மானத்துக்கு இழுக்கு என்று கேட்டு வளர்ந்தவன் நான். "இந்தச் சொல் வேண்டாம், வணக்கம் என்று மட்டும் கூறுங்கள்" என்று வகுப்பிலே அறிவித்தேன். சீர்திருத்தம் செய்துவிட்ட பெருமையோடு வெளியே வந்தேன்.

உயிரியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார், என் வயதினர். மென்மையாகச் சொன்னார்: "இது பிறப்புக்குத் தரும் வணக்கமல்ல, பணத்துக்குத் தருவதுமல்ல, வயதுக்குத் தருவது. அமைச்சரே வந்தாலும், தம்மைவிட மூத்த உழவரைக் கண்டால் அவர்தான் முதலில் சொல்லவேண்டும். நம் பள்ளிக் காவற்காரருக்கு எழுபது வயதாகிறது. நீங்கள் இன்றுவரை அவருக்கு ஷிகமூ சொல்லவில்லை. அவர் வருந்தவில்லை, வெளியூர்க்காரர், தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்."

நாணிக் குறுகினேன். பணிவை வேண்டாம் என்று தள்ளியதாக நினைத்தேன். நான் தள்ளியதோ, நானும் பணியவேண்டிய கடமையை. காவற்காரர் என்றால் கீழே என்று என் கண்ணுக்கு யார் கற்பித்தது? நம் நாட்டுப் படிக்கட்டுச் சமுதாயம் கற்பித்தது! படிக்கட்டின் கேடு, மேலே ஒருவன் இருப்பது மட்டுமல்ல; இடையிலே நிற்பவன், தனக்குக் கீழே ஒருவன் உண்டு என்று எண்ணி இன்புற்றிருப்பதே. அந்த நாட்டிலும் வெள்ளையர் அப்படியொரு படிக்கட்டைக் கட்டினார்கள். ஐரோப்பியர் பிள்ளைக்கு ஒரு பள்ளி, ஆசியர் பிள்ளைக்கு ஒரு பள்ளி, ஆப்பிரிக்கர் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று முத்திறமாகப் பிரித்து வைத்தார்கள். நடுப்படியிலே நின்றவர்கள் இந்தியர். விடுதலைக்குப் பின் அந்தப் பிரிவினையை நியரேரே அரசு நீக்கியது. ஆனால் நடுப்படியின் நினைவு, நான் அறியாமலே என் கண்களிலே ஒட்டிக்கொண்டு கடல் கடந்து வந்திருக்கிறது. என்னைக் கண்டதும் ஊர்ப் பிள்ளைகள், "புதிதாக டூக்கா திறக்க வந்திருக்கிறாரா?" என்று கேட்டார்கள். டூக்கா என்றால் கடை. இந்தியர் என்றால் கல்லாப்பெட்டிக்குப் பின்னே இருப்பவர் என்பதே அவர்கள் அறிந்தது. சிரித்தேன் அன்று. சிரிப்பதற்குரியதல்ல அது. வாங்க வருவோரிடையே நிற்காமல், விற்கும் இடத்திலேயே நின்றவர்களாக நம்மவரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நானும் அறிவுக் கடை விரிக்கத்தானே போயிருந்தேன்!

மறுநாள் காலை, வாயிலிலே நின்ற முதியவரிடம் நான் முதலில் சொன்னேன்: "ஷிகமூ." அவர் என் கையைப் பற்றி, "மரஹபா" என்றார். பள்ளிக்கு வந்தபின் நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுவே என்பேன்.

* * *

இனி மொழியின் கதை.

தான்சானியாவிலே தொடக்கக் கல்வி சுவாகிலி மொழியில். 1967-இல் வகுத்த கொள்கை அது. சேக்சுபியரின் நாடகங்கள் இரண்டைத் தாமே சுவாகிலியில் பெயர்த்து, இந்த மொழியால் எதையும் கூற முடியும் என்று மெய்ப்பித்தவர் நியரேரே. ஆயினும் உயர்நிலைப் பள்ளியின் வாயிலிலே மொழி மாறிவிடுகிறது. பாடம் ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம். எல்லா நிலையிலும் சுவாகிலி வரலாம் என்று 2015-இல் வெளியான கல்விக் கொள்கை வழி திறந்தது. ஆனால் நான் சென்ற ஆண்டிலும் கணக்குத் தாள் ஆங்கிலத்திலேதான் வந்தது. ஏழாண்டுகள் தாய்ப்பால்போல் ஒரு மொழியிலே அறிவைப் பருகிய பிள்ளை, எட்டாம் ஆண்டில் வேறொரு மொழியிலே விழித்து நிற்கிறது.

நான் என்ன செய்தேன்? "வகுப்பில் ஆங்கிலம் மட்டும்" என்று கரும்பலகையிலே எழுதினேன். தேர்வு ஆங்கிலத்தில் என்றால் பயிற்சியும் ஆங்கிலத்தில்தானே என்பது என் வாதம். எனக்குச் சுவாகிலி தெரியாது என்பது என் வசதி. வசதியை வாதமாக்கிக் காட்டுவது கற்றவர்களின் பழைய தந்திரம்!

வழியனுப்பு விழாவிலே கேள்வி கேட்டாளே, அந்தப் பெண் ஐந்து திங்கள் என் வகுப்பில் வாய் திறந்தவளல்லள். மந்தம் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் எல்லோர் முன்னிலும் கடிந்தும் பேசினேன். மே மாதத்திலே, ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் தலைகீழ் விகிதக் கணக்கு நடத்தினேன். பன்னிருவர் ஒரு நிலத்தைப் பத்து நாளில் கொத்துவர். பதினைவர் எத்தனை நாளில் கொத்துவர்? வகுப்பே வாயடைத்து நின்றது. மணி அடித்தது, சலிப்போடு வெளியேறினேன்.

மாலையில் பள்ளித் தோட்டத்துப் பக்கம் போனேன். மரத்தடியிலே அதே பெண், மண்ணிலே குச்சியால் கோடு கிழித்து, சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேருக்குச் சுவாகிலியிலே விளக்கிக்கொண்டிருந்தாள். மண்வெட்டிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். நாள் ஒன்றுக்கு ஒரு மண்வெட்டி செய்யும் வேலையை ஒரு கட்டமாக்கினாள். மொத்தம் நூற்றிருபது கட்டம். பதினைந்து மண்வெட்டிகளுக்கு அதைப் பங்கிட்டாள். எட்டு நாள்! பிறகு ஒரு கேள்வியையும் அவளே எழுப்பினாளாம்: நிலம் அப்படியே இருக்கிறது, ஆளை நூறாக்கினால் ஒருவர் மண்வெட்டி மற்றவர் காலில் படாதா? கணக்கு எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்று கேட்கும் அறிவு அது. கல்லூரியிலே நான் கேட்கத் துணியாத கேள்வி! அருகிருந்த மாணவன் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, நான் யாரை மந்தம் என்றேன் என்று எண்ணி எண்ணிக் கூசினேன்.

அறிவு இல்லாமலில்லை அங்கே. அறிவுக்கும் ஆசிரியனுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரிலே நானும் ஐந்து திங்களாகக் கல் அடுக்கியிருந்தேன். "ஆங்கிலம் மட்டும்" என்ற வரியை மறுநாள் அழித்தேன். தாய்மொழியிலே புரிந்துகொள், பிறகு தேர்வு மொழியிலே எழுதப் பழகு என்று முறையை மாற்றினேன். புதிய முறை கண்டேன் என்ற மகிழ்ச்சி எனக்கு!

அந்த மகிழ்ச்சிக்கும் ஆயுள் நீளவில்லை.

* * *

நான் சென்றபோது அப்பள்ளியிலே கணக்கு நடத்த ஓர் இளம் ஆசிரியை இருந்தார். அந்த மண்ணின் மகள். அரசு ஊதியம் பெறுபவர். மார்ச்சுத் திங்களிலே அவரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். வழக்கமான மாற்றல் என்று எண்ணினேன். அவருடைய வகுப்புகளும் எனக்கு வந்ததிலே உள்ளூர மகிழ்ந்தேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை.

செப்டம்பரிலே உயிரியல் ஆசிரியர் உண்மையைச் சொன்னார். "உங்கள் பள்ளிக்குத்தான் வெளிநாட்டு ஆசிரியர் கிடைத்துவிட்டாரே" என்று கூறித்தான் ஆசிரியையை எடுத்துக்கொண்டார்களாம். சுவாகிலியிலே விளக்கி, ஆங்கிலத்திலே எழுதப் பழக்குவதுதான் அந்த ஆசிரியையின் முறையாம்! நான் புதிதாகக் கண்டதாகக் குதூகலித்த முறை, நான் வந்ததனால் அந்தப் பள்ளி இழந்த முறை.

கொதித்தெழுந்து, அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் கொடியவரல்லர், களைத்துப்போன மனிதர். அமைதியாகக் கேட்டார்: "அந்த ஆசிரியை இன்று இருக்கும் பள்ளியிலே கணக்குக்கு ஒருவருமே இல்லை. இங்கே இருவர், ஒருவர் இலவசம். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?"

என்ன சொல்வேன்? அவர் கணக்கும் சரியான கணக்கே. தலைகீழ் விகிதம்! தொண்டன் ஒருவன் ஏற, உரிமையாக வரவேண்டிய ஆசிரியர் ஒருவர் இறங்குகிறார். தொண்டனோ ஓராண்டிலே போய்விடுகிறான். அவன் நின்ற இடம் மட்டும் காலியாக நிற்கிறது. நான் கொடுத்ததாக எண்ணியது ஓராண்டுப் பாடம். என் வரவினால் அவர்கள் இழந்ததோ, ஆண்டாண்டுக்கு இருந்திருக்கக்கூடிய ஓர் ஆசிரியை. அங்கே எவரும் தீயவரல்லர். தீயவர் ஒருவருமின்றித் தீமை நடந்தேறும் என்பதை நான் அன்று கண்டேன்.

இந்த ஐயம் எனக்கு மட்டும் எழுந்ததல்ல. 1958-இல் இங்கிலாந்திலே பள்ளி முடித்த இளைஞரை அயல்நாட்டுத் தொண்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அமைதிப் படையை அமைத்தார். முதல் ஆசிரியர் குழு அவ்வாண்டிலேயே கானா நாட்டில் இறங்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில், நைசீரியாவின் இபாதான் நகருக்கு வந்த தொண்டர் ஒருவர், அந்நாட்டு மக்களின் வாழ்வைக் குறைத்துக் கூறித் தோழருக்கு எழுதிய அஞ்சலட்டை வழியிலே தவறி விழ, பல்கலைக்கழக மாணவர் கையிலே கிடைத்து, கிளர்ச்சியே மூண்டது. கூர்ந்து பார்த்தால், அஞ்சலட்டை எல்லோர் சட்டைப் பையிலும் இருந்தது. அவருடையது கீழே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். "இருண்ட கண்டம்" என்ற எங்கள் ஊர்ச் சுவரொட்டியும் அந்த இனத்து அஞ்சலட்டைதானே!

1968 ஏப்பிரலில் மெக்சிகோவிலே, தொண்டாற்ற முனைந்த அமெரிக்க மாணவர் கூட்டத்தில் இவான் இல்லிச் என்ற பாதிரியார், அழைத்தவர்களே அதிரும்படி பேசினார். ஊரைப் பார்க்க வாருங்கள், மக்களிடம் கற்க வாருங்கள், உதவிசெய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். அழையா வீட்டிலே நுழைந்து நன்மை செய்வதும் ஒருவகை ஆதிக்கமே என்றார். இங்கிருந்து படித்தபோது கசந்தது. அங்கிருந்து படித்தபோது சுட்டது.

ஆனால் அவர் கூறியதோடு நின்றுவிட முடியுமா? 1961-இல் கியூபாவிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவர்கள், விளக்கேந்திச் சிற்றூர்களுக்குச் சென்று, உழவர் குடிசையிலே தங்கி, பகலில் அவரோடு உழைத்து, இரவில் எழுத்துக் கற்பித்தார்கள். ஓராண்டிலே ஏழு இலட்சம் பேர் எழுத்தறிந்தனர். அதுவும் ஓராண்டுத் தொண்டுதான். அவர்களும் அனுபவமற்ற இளைஞர்தாம். வேறுபாடு எங்கே? அவர்கள் சென்றது தங்கள் நாட்டுக்குள். பேசியது கற்போரின் மொழியை. பகலெல்லாம் பிடித்தது கற்போரின் கருவியை. மேலும், ஊதியம் பெறும் ஆசிரியரின் இடத்தை அவர்கள் பறிக்கவில்லை. ஆசிரியரே எட்டிப் பார்த்திராத இடத்துக்குச் சென்றார்கள்.

* * *

இங்கே இரு திசையிலிருந்தும் கேள்விகள் எழும்.

"நம் ஊர்ப் பள்ளியிலே ஆசிரியர் பற்றாக்குறை இல்லையா? அதை விட்டுக் கடல் கடந்து போவானேன்?" என்று கேட்பர் ஒரு சாரார். கேட்பவர்களிலே பலர் உள்ளூர்ப் பள்ளிக்கும் போனவர்களல்லர். எனினும் கேள்வி பழுதற்றது. நேர்மையாக விடை கூறுகிறேன்: உள்ளூர்ப் பள்ளிக்கு நான் போயிருந்தால் மாலை கிடைத்திராது, சுவரொட்டி இராது. தொலைவு செல்லச் செல்லத் தொண்டன் பெரியவனாகத் தெரிகிறான். அந்தப் பெருமைப் பசியும் என் பயணத்திலே ஒரு பங்கு.

"அப்படியானால் எவரும் எங்கும் போகவே கூடாதா? அவரவர் வேலியே அவரவர் உலகமா?" என்று கேட்பர் மறு சாரார். அதுவும் பழுதற்ற கேள்வியே. எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவினர் என்ற பூங்குன்றனார் வழியில் வந்தோம் என்கிறோம். உறவினர் என்றால் போகவேண்டும், ஐயமில்லை. ஆனால் உறவினன் எப்படிப் போவான்? வள்ளலாகவா போவான்?

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார்; அதை அடுத்தே 'ஈகை' என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றாயின் இரு பெயர் எதற்கு? நான் உணர்ந்தவரை கூறுகிறேன். ஈகையிலே கொடுக்கும் கை ஒன்று, ஏற்கும் கை ஒன்று. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒப்புரவிலே இருவரும் ஒரே ஊரார். ஒருவன் வாழ மற்றவனும் வாழவேண்டும் என்று அறிந்து நடக்கிறார்கள். வறுமை சூழ்ந்த உலகிலே ஈகை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஈகை செய்பவன் தான் உயர்ந்ததை எண்ணி மகிழும் நொடியிலே, ஒப்புரவு இறந்துவிடுகிறது.

இதை எனக்கு விளக்கியவர் புலவரல்லர், பள்ளிக் காவற்காரர்.

அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் தோட்டம் உண்டு. கல்வி தன் காலில் நிற்கவேண்டும் என்று 1967-இல் நியரேரே எழுதிய கொள்கை அறிக்கையிலிருந்து வளர்ந்த வழக்கம். பிள்ளைகள் புத்தகத்தோடு மண்வெட்டியும் கொண்டு வருவர், ஆசிரியர்களும் கொத்துவர். எனக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்து நிழலிலே போடுவார்கள். மதிப்பு என்று எண்ணி அமர்ந்திருந்தேன், ஏழு திங்கள்! ஆகஸ்டிலே, அறுவடை முடிந்து காய்கறிப் பாத்திக்கு நிலம் கொத்தும் நாளிலே, வெட்கம் மேலிட்டு, "எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுங்கள்" என்றேன்.

காவற்காரர் கலகலவென்று சிரித்தார். தம் மண்வெட்டியையே என் கையிலே கொடுத்து, தங்கள் நாட்டுப் பழமொழி ஒன்றைக் கூறினார்: விருந்தாளிக்கு இரண்டு நாள் விருந்து, மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. நியரேரேயும் 1962-இல் தம் சிறு நூலிலே எடுத்தாண்ட பழமொழிதான் அது. "உனக்கு மூன்றாம் நாள் வர ஏழு மாதம் ஆயிற்று, மகனே" என்றார் அந்த முதியவர்.

விருந்தாளியை விரட்டும் பழமொழி என்றே முதலில் எண்ணினேன். அன்று மாலை, கொப்புளம் கண்ட கையோடு, உகாலியும் அவரையும் எல்லாரோடும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போதுதான் விளங்கிற்று. விரட்டும் மொழியல்ல அது, ஏற்றுக்கொள்ளும் மொழி! நாற்காலியிலே இருக்கும்வரை நான் அயலான். மண்வெட்டி பிடித்தபின் நான் ஊரான். கொத்தத் தெரியாமல் நான் திணறியபோது, வகுப்பிலே வாய் திறவாத பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: பிடியை இப்படிப் பற்றுங்கள், இடுப்பை இவ்வளவு வளையுங்கள் என்று. ஆசிரியன் மாணவனானான், மறுநாளிலிருந்து அவர்கள் என் வகுப்பிலே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். என் அறியாமையை அவர்கள் கண்ட பிறகுதான், தங்கள் ஐயத்தை என்னிடம் காட்டத் துணிந்தார்கள்.

* * *

செப்டம்பரிலே உண்மை தெரிந்த பிறகு, எனக்கு எஞ்சியிருந்தவை மூன்று திங்கள்களே. அந்த மூன்று திங்களிலே நான் பாடம் நடத்துவதைப் பாதியாகக் குறைத்தேன். உயிரியல் ஆசிரியர் கணக்கிலும் ஆர்வமுள்ளவர். மாலைதோறும் இருவரும் அமர்ந்து மூன்றாம், நான்காம் படிவக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். வகுப்பிலே அவர் நின்றார், நான் பின்பெஞ்சியில் இருந்தேன். என்னைவிட நன்றாக நடத்தினார். வியப்பென்ன, அவருக்குப் பிள்ளைகளின் மொழி தெரியும்! பள்ளித் தலைமையோடு சேர்ந்து, நிலையான கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று மடல்மேல் மடல் எழுதினோம். "தொண்டர் திரும்பிச் செல்கிறார், அவரைக் கணக்கில் கொள்ளவேண்டாம்" என்பதை ஒவ்வொன்றிலும் குறித்தோம்.

அப்படியும், விழாவிலே அந்தப் பெண் கேட்டபோது என்னால் விடை கூற இயலவில்லை. "உங்கள் உயிரியல் ஆசிரியர் இருக்கிறார்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கனவே இரு பாடச் சுமையைத் தாங்கும் அவர் தோளிலே என் சுமையையும் ஏற்றிவிட்டுத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறேனே என்று தோன்றவே, வாயை மூடிக்கொண்டேன். அவரே கையை உயர்த்திக் காட்டினார். குலவை மீண்டும் எழுந்தது. அது அவருக்கு உரியது.

2019 நடுவிலே நிலையான ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அதுவரை அரையாண்டுக் காலம் உயிரியல் ஆசிரியரே தாங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அந்த வகுப்பு நான்காம் படிவத் தேர்வு எழுதிற்று. ஐம்பத்தெண்மரில் கணக்கிலே தேறியவர் பதின்மூவர். அந்தப் பெண் அவர்களிலே ஒருத்தி. மகிழ்ச்சியான செய்திதான்; உயிரியல் ஆசிரியர் அதை எழுதி அனுப்பியபோது கண்ணீர் மல்கப் படித்தேன். ஆனால் பதின்மூவரை எண்ணும்போதே மற்ற நாற்பத்தைவரையும் எண்ணவேண்டும். மார்ச்சிலே மாற்றப்படாமல் அந்த ஆசிரியை அங்கேயே இருந்திருந்தால், அந்த நாற்பத்தைவரில் எத்தனைபேர் தேறியிருப்பர்? எனக்குத் தெரிந்த எந்த விகிதக் கணக்காலும் அதற்கு விடை காண இயலாது. அந்தத் தெரியாமையோடு வாழ்வதே நான் செலுத்தும் கடன்.

* * *

தொண்டுக்குப் புறப்படும் தோழர்களே! போகாதீர்கள் என்று நான் கூறமாட்டேன். புறப்படும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்னை அழைத்தவர் யார் — அந்த ஊராரா, என் பெருமையா? நான் நிற்கப்போகும் இடத்திலே எனக்கு முன் நின்றவர் யார். என் வரவால் அவர் அகற்றப்படுவாரா? நான் அகன்ற பிறகு அந்த வேலையைத் தொடரப்போகிறவர் யார். அவரோடு சேர்ந்து உழைக்கப்போகிறேனா, அவர் இல்லையென்றே நடக்கப்போகிறேனா? இம்மூன்றும் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. பக்கத்துத் தெருவிலே இரவுப் பள்ளி நடத்தப் போகிறவரும் கேட்கவேண்டியவையே.

ஆட்சியிலிருப்போரும் ஒன்றை எண்ணிடவேண்டும். கல்வி ஒரு குழந்தையின் உரிமை. உரிமையை நிறைவேற்றக் கடமைப்பட்டவர், தொண்டனைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாகாது. தண்ணீர்ப் பந்தல் வைத்தான் ஒருவன் என்பதற்காக ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிடுவார்களா?

அந்த மாணவிக்கு நான் சொல்லவேண்டிய விடை இதுதான். "அம்மா! நான் போன பிறகு உன் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டாய். நான் வந்த முதல் நாளே அதை நானே கேட்டிருக்கவேண்டும். கேட்காதது என் பிழை. உன் கணக்கு என்னிடம் இல்லை. உன்னிடமும், உன் மொழியிலும், உன் நாடு உனக்குத் தரக் கடமைப்பட்ட ஆசிரியரிடமும் இருக்கிறது. அதை நீ உரக்கக் கேள். அன்று திடலிலே கேட்டதுபோலவே கேள்."

அந்தக் காங்காத் துணி என் வீட்டிலே இருக்கிறது. வருவோர் கண்டு வியக்கிறார்கள். பரிசா என்று கேட்கிறார்கள். ஆம் என்கிறேன். ஆனால் நான் பெற்ற பரிசு அதுவல்ல. ஒரு முதியவர் தம் கையிலிருந்து எடுத்து என் கையிலே கொடுத்தாரே, பிடி தேய்ந்த அந்த மண்வெட்டி, அதுவே பரிசு. அதை நான் கொண்டுவரவில்லை. நாளைக்குப் பாத்தி கொத்த அது அங்கே வேண்டுமல்லவா!